ஏழு வாரக் குழந்தைக்குக் கிரேனியோசேக்ரல் சிகிச்சை: யாராவது போயிருக்கிறீர்களா?

காரைக்கால் பொண்ணு (சேந்த்-ஆந்த்ரே, ரெயூனியன்)

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகி, பிரான்ஸைச் சேர்ந்த இந்தத் தீவுக்கு, ரெயூனியனுக்கு, வந்து மூன்று வருஷம் ஆகிறது. மகனுக்கு இன்றோடு ஏழு வாரம். தலைச்சன் பிள்ளை. வலி இழுத்துக்கொண்டே போய், கடைசியில் வாக்குவம் வைத்துத்தான் எடுத்தார்கள். பிறந்தபோது உச்சந்தலை கூம்பிப்போய் இருந்தது. ஒரு வாரத்தில் அது தானாக அமுங்கிவிட்டது.

இப்போது எனக்கு இரண்டு கவலை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் அழ ஆரம்பிக்கிறான். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, ஒன்பது மணி வரை ஓயமாட்டேன் என்கிறான். இன்னொன்று, எப்படிப் படுக்க வைத்தாலும் முகத்தை வலப்பக்கமே வைத்துக்கொள்கிறான். பின்மண்டையில் அந்தப் பக்கம் லேசாகத் தட்டையாகிக்கொண்டு வருகிறது. பால் குடிக்கும்போதும் ஒரு மார்பில் நன்றாகக் குடிப்பவன், மறுபக்கம் மாற்றினால் உடம்பை முறுக்கிக்கொண்டு அழுகிறான்.

ஊரிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "உரம் விழுந்திருக்கும்டி, பழைய புடவையில் போட்டு உருட்டினால் சரியாகிவிடும்" என்கிறாள். இங்கே உரம் எடுக்க யாரை நான் தேடுவேன்? பக்கத்து வீட்டு மல்பார் பாட்டி (இங்கே பல தலைமுறையாக இருக்கிற தமிழ் வம்சம்) கிரியோல் மொழியில், இது தம்பாவ் என்று இவர்கள் சொல்லும் குழந்தை நோய், கஷாயம் கொடு என்று ஏதோ இலைக்கட்டு கொண்டுவந்து வைத்திருக்கிறார். பிரசவ வார்டில் என்னோடு இருந்த பெண்கள் எல்லாரும் பிள்ளையை ஒஸ்தியோபாத்திடம் (எலும்பு, மூட்டு, தசையைக் கையாலேயே பிடித்துச் சிகிச்சை செய்கிறவர்) கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி சொன்ன பெண்மணி ஒஸ்தியோபாத் இல்லை, கிரேனியோசேக்ரல் (தலையையும் முதுகின் அடியையும் மெதுவாகத் தொட்டுச் செய்கிற முறை) என்று மட்டும் பலகை வைத்திருக்கிறார். போன் பண்ணினேன். பிறந்தபோது ஏற்பட்ட இறுக்கம் மண்டையோட்டில் தங்கிவிட்டது, ஐந்து கிராம் எடைக்கு மேல் அழுத்தாமல் அதை விடுவிப்பேன், மூன்று முறை வர வேண்டும் என்றார். ஒரு முறைக்கு 60 யூரோ. பேச்சு அன்பாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் வைக்கும்போது உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்தால் எனக்கே கை நடுங்குகிறது. அந்தத் தலையில் முன்பின் தெரியாத ஒருவர் கை வைப்பதா? போகாமல் விட்டு, பின்னால் பிள்ளைக்கு ஏதாவது என்றால்? போனவர்கள் சொல்லுங்கள்.


இரட்டைக்கு அம்மா (சேன்-தெனி)

நான் போனேன் தங்கச்சி. என் பெரியவன் ஆறு வாரமாக இருந்தபோது. நான் போனது ஒஸ்தியோபாத்திடம். ஆனால் அவரும் செய்தது நீங்கள் சொல்கிற மாதிரிதான். பிள்ளையை என் மடிக்கு எதிரே மெத்தையில் கிடத்தி, ஒரு கையைத் தலைக்கு அடியில் ஏந்தினார். இன்னொரு கை இடுப்புக்குக் கீழே. அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அவர் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். அரை மணிக்கு மேல் அப்படியே. அறை அரையிருட்டு, ஒரு சத்தம் இல்லை. பிள்ளை தூங்கிவிட்டான், நானும் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அழவில்லை. மறுநாளும் பரவாயில்லை. மூன்றாம் நாள் பழையபடி. இரண்டாவது முறையும் கொண்டுபோனேன், அதே கதை. மூன்றரை மாதத்தில் அழுகை தானாக நின்றது. அது கையால் நின்றதா, காலத்தால் நின்றதா என்று கேட்டால் என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த அரை மணி நேர நிம்மதி எனக்கு அப்போது தேவையாக இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: டாக்டர் சான்று கொண்டுவராமல் அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. முதல் தடவை என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.


கினே அண்ணன் (லெ போர்)

அக்கா சொன்ன அந்தச் சான்று சும்மா காகிதம் இல்லை. நான் இங்கே கினேயாக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பிரான்ஸில் 2002இல் ஒஸ்தியோபாத் என்ற பட்டத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். 2007 மார்ச்சில் வந்த அரசாணையில், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் மண்டை, முகம், முதுகெலும்பு ஆகியவற்றில் கை வைப்பதற்கு முன், தடை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. ரெயூனியனுக்கும் அதே சட்டம்தான். கிரேனியோசேக்ரல் என்று மட்டும் பலகை வைத்திருப்பவருக்கு ஒஸ்தியோபாத் போலச் சட்டம் காக்கிற பட்டம் எதுவும் இல்லை. என்ன படித்தார், எத்தனை நாள் படித்தார் என்று நீங்களேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வில்லியம் கார்னர் சதர்லாந்து என்ற ஒஸ்தியோபாத். மாணவராக இருந்தபோது பிரித்து வைத்த மண்டையோடு ஒன்றைப் பார்த்தாராம். காதோர எலும்பின் விளிம்பு மீன் செவுள் மாதிரி சீவியிருந்தது. அப்படியானால் இது மூச்சு விடுவதுபோல அசைவதற்காகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1939இல் அதைப் புத்தகமாக எழுதினார். பின்னால் 1970களில் ஜான் அப்லெட்ஜர் மிச்சிகனில் இருந்தபோது அதை வளர்த்து, கிரேனியோசேக்ரல் என்று பெயர் வைத்துப் பரப்பினார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீருக்கு இதயத்துடிப்பும் மூச்சும் அல்லாத தனித் தாளம் ஒன்று உண்டு, அதை விரலால் உணரலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

சிக்கல் அங்கேதான். ஒரே ஆளை இரண்டு மூன்று பேர் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்த சோதனைகளில், அவர்கள் எண்ணிய தாளம் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. உச்சிக்குழியில் நீங்கள் பார்க்கிற துடிப்பு பிள்ளையின் இதயத்துடிப்பு. அதைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. குழந்தை அழுகைக்குக் கைமுறைச் சிகிச்சைகள் உதவுமா என்று 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் குழு ஆறு ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகளை, சேர்த்துப் பார்த்தது. அழுகை குறைந்தது என்று பெற்றோர் எழுதியிருந்தார்கள். ஆனால் தன் பிள்ளைக்குச் சிகிச்சை நடந்ததா இல்லையா என்று பெற்றோருக்குத் தெரியாமல் வைத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

மெதுவான தொடுதல் கெடுதல் செய்யாது என்பது மெதுவாகத் தொடுகிறவரைக்கும்தான் சரி. நெதர்லாந்தில் கிரேனியோசேக்ரல் என்ற பெயரில் ஒருவர் மூன்று மாதப் பெண் குழந்தையின் கழுத்தையும் முதுகையும் ஆழமாக வளைத்து, அந்தக் குழந்தை இறந்துபோனது. 2009இல் அங்குள்ள மருத்துவ இதழில் அதை எழுதியிருக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கழுத்தை வளைக்கவோ திருப்பவோ யாராவது ஆரம்பித்தால் பிள்ளையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சகோதரி, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது அழுகை இல்லை, அந்த ஒருபக்கத் திரும்பல். முகம் எப்போதும் வலப்பக்கம் என்றால் பெரும்பாலும் இடப்பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்கும். இங்கே தோர்த்திகோலி என்பார்கள். ஒரு மார்பில் குடிக்காமல் முறுக்குவதும் அதோடு பொருந்துகிறது. இதைக் குழந்தை டாக்டர் கையால் பார்த்தே சொல்லிவிடுவார். சீட்டு எழுதினால் கினே பார்க்கலாம், அதற்குச் செக்யூவில் (அரசு மருத்துவக் காப்பீடு) பணமும் திரும்பி வரும். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் சரியாகும்.


ஓய்வுபெற்ற செவிலி (சேன்-பியேர்)

அம்மாடி, நான் புதுச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். இப்போது மகன் வீட்டில் இங்கே இருக்கிறேன். தம்பி சொன்னதெல்லாம் சரி. நான் வேறு இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலில் உரம். உன் அம்மாவைக் குறை சொல்லாதே, எங்கள் வார்டிலேயே பிள்ளை அழுதால் பாட்டிமார் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் புடவையில் போட்டு உருட்டாதே. அந்த வயதில் கழுத்து நிற்கவே நிற்காது, தலைதான் உடம்பிலேயே கனமான பாகம். புடவையின் இரு முனையைப் பிடித்து இரண்டு பேர் இப்படியும் அப்படியும் தூக்கினால் அந்தத் தலை எங்கே போகும் என்று யோசித்துப் பார். தலையை உருண்டையாக்குகிறேன் என்று எண்ணெய் தேய்த்து அமுக்குவதும் வேண்டாம். எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி, வயிற்றைக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக மெதுவாகத் தடவு. காலைச் சைக்கிள் மாதிரி மடக்கி நீட்டு. தொடுவது நல்லதுதான், அதற்கு அம்மா கையே போதும்.

அந்தக் கஷாயத்தை வாங்கி வைத்துக்கொள், பாட்டி மனம் கோணக் கூடாது. ஆனால் பிள்ளைக்கு ஒரு சொட்டும் கொடுக்காதே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

ஏழு வாரத்தில் சாயங்கால அழுகை என்பது ஊர் உலகத்தில் எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது. ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் வடிந்துவிடும். ஆனால் இவை இருந்தால் யாருடைய கைவைத்தியத்துக்கும் காத்திருக்காதே: 38 டிகிரி காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், நனைகிற டயப்பர் குறைவது, அழாமல் அமைதியாக இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து நிற்பது. உடனே ஆஸ்பத்திரி, இல்லையென்றால் அவசர மருத்துவ எண் 15க்கு போன்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். அழுகை தாங்காமல் உனக்கே கோபம் வந்தால், பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நில். குலுக்கிவிடாதே. உன் வீட்டுக்காரரிடமும் சொல்லி வை. முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எடுத்துக்கொள்.


இரட்டைக்கு அம்மா (சேன்-தெனி)

தட்டையானதற்கு என் இரட்டையரில் இளையவளுக்கு டாக்டர் சொன்னது: தூங்கும்போது மல்லாக்கத்தான், அதில் மாற்றமே கூடாது, தலையணை, சுற்றுத் தலையணை எதுவும் வேண்டாம். விழித்திருக்கும்போது நம் கண்ணெதிரே அடிக்கடி குப்புறப் போட வேண்டும். நான் என் நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டேன், அது அவளுக்குப் பிடித்திருந்தது.


காரைக்கால் பொண்ணு (சேந்த்-ஆந்த்ரே)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். அந்தப் பெண்மணிக்கு மறுபடி போன் பண்ணி, டாக்டர் சான்று வேண்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம், நான் மெதுவாகத்தானே தொடப்போகிறேன்" என்றார். நான் நேரம் வாங்காமல் வைத்துவிட்டேன்.

குழந்தை டாக்டரிடம் இரண்டாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அண்ணன் சொன்னதேதான்: இடப்பக்கத் தசை. என் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். கயிறு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. மண்டையோட்டு எலும்புப் பொருத்தெல்லாம் சரியாக இருக்கிறது, தலைச் சுற்றளவும் சரி என்று ஏட்டில் எழுதினார். கினேயிடம் பத்து முறை போகச் சீட்டு கொடுத்தார். இதுவரை நான்கு முடிந்திருக்கிறது.

கினே அம்மா சொன்னபடி தொட்டிலில் தலை வைக்கிற திசையை மாற்றினேன். இப்போது கதவும் வெளிச்சமும் அவனுக்கு இடப்பக்கம். குடிக்காத பக்கத்துக்கு அவனைக் கக்கத்தில் இடுக்கிப் பால் கொடுக்கச் சொன்னார், குடிக்கிறான். அம்மாவிடம் புடவை கதையைப் பேசியபோது முதலில் கோபித்தாள், அப்புறம் செவிலியம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன். "சரி, எண்ணெய் மட்டும் தேய்" என்றாள்.

அழுகை இன்னும் இருக்கிறது, ஆனால் ஏழு மணியிலிருந்து எட்டு வரைக்கும்தான். தட்டை அப்படியேதான் இருக்கிறது, அதற்கு மாதங்கள் ஆகும் என்றார்கள். நேற்று இடப்பக்கம் நின்று வளையலைக் குலுக்கினேன். முதலில் கண் மட்டும் வந்தது. அப்புறம் கன்னம், அப்புறம் முழு முகமும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். அவர் வேலையிலிருந்து வந்ததும் மறுபடி குலுக்கிக் காட்டினேன், அப்போதும் திரும்பினான்.