பக்கவாதம்: 108 வரும் வரை பக்கத்து வீட்டுக்காரங்க என்ன செய்யணும்?

கேள்வி:
ஊரில் வயசானவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு. சர்க்கரை, பிரஷர் உண்டு. திடீர்னு வாய் கோணி, கை விழுந்துட்டா என்ன செய்யணும்னு பக்கத்து வீட்டுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கணும். என்னென்ன எழுதலாம்?

பதில் 1:
முதல் வரியில் மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்து பஸ் ஸ்டாப் எழுதுங்க. வெறும் "பிள்ளையார் கோயில் தெரு"ன்னா 108-ல் போனை எடுக்கிறவங்களுக்குப் புரியாது. அது எந்த ஊரில்தான் இல்ல? அடுத்து வயசு, மூச்சு இருக்கா, கூப்பிட்டா கண் திறக்கிறாரா. பேசி முடிச்சதும் அதே போனில் சொந்தக்காரங்களுக்குச் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் ஓட்டுறவர் வழி கேட்டு அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். ராத்திரின்னா ஒருத்தர் டார்ச்சோட ரோட்டு முனையில் நிக்கணும். வர்ற வரைக்கும் ஒரு ஆஸ்பிரின் கொடுத்து வைக்கலாம்.

பதில் 2:
ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். அது மாரடைப்புக்குச் சொல்றது. பக்கவாதம் ரத்தக்குழாய் அடைச்சும் வரும், வெடிச்சும் வரும். சிடி ஸ்கேன் எடுக்காம எதுன்னு தெரியாது. வெடிச்சிருந்தா ஆஸ்பிரின் கசிவைக் கூட்டும். தண்ணி, காபியும் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

தாளில் பெரிசா எழுத வேண்டியது, கடைசியா நல்லா இருந்த நேரம். அடைச்ச ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. தூங்கி எழுந்தப்போ கை விழுந்திருந்தா, எழுந்த நேரம் இல்ல, படுக்கப் போன நேரத்தைச் சொல்லணும். சிடி ஸ்கேன் 24 மணி நேரமும் ஓடுற ஆஸ்பத்திரி எதுன்னு இப்பவே விசாரிச்சு, அதையும் எழுதிடுங்க. ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய், அங்கிருந்து ரெபர் ஆகி வர்றதுக்குள்ள அந்த நேரம் கரைஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
சர்க்கரை இறங்கினாலும் பேச்சு குழறுமே?

பதில் 2:
குழறும், ஒரு பக்கம் கை கூட விழலாம். அதனால குளுக்கோமீட்டர் இருந்தா குத்திப் பாருங்க. 70-க்குக் கீழ இருந்து, நினைவு இருந்து, விழுங்கவும் முடிஞ்சா மூணு டீஸ்பூன் சர்க்கரையைக் கரைச்சுக் கொடுக்கலாம். நினைவு இல்லேன்னா வாயில் எதுவும் ஊத்தாதீங்க. அளவு என்னவா இருந்தாலும் 108-ஐ நிறுத்தக் கூடாது.

பதில் 3:
மாத்திரையை டப்பாவில் பிரிச்சுப் போடாம, பேர் தெரியிற அட்டையோட ஒரு பையில் வைங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுறவங்கன்னா, அதை டாக்டர் கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லணும், ஊசி போடலாமா வேண்டாமான்னு அதை வெச்சும் முடிவு பண்ணுவாங்க. பழைய ஈசிஜி தாளை ஜெராக்ஸ் எடுத்து வைங்க. அது சூட்டில் அச்சாகிற தாள், நாளாக நாளாக கோடெல்லாம் மங்கிடும்.