1-5 எப்படி 0-7-ஐ வெல்லும்? 1980 அயர்லாந்து மாகாண ஹர்லிங் பற்றி ஒரு கேள்வி

வெள்ளவத்தை_தம்பி:
அண்ணா டப்ளினுக்கு வேலைக்குப் போய் நாலு வருசம். போன இடத்தில் மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் என்ற விளையாட்டில் அப்படியே விழுந்துவிட்டார். போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டபோது முழுக்க 1980-ஆம் ஆண்டு மாகாணப் போட்டி பற்றிய கதைதான். அவரோடு வேலை செய்யும் கோல்வேக்காரர் ஒருவர் தேத்தண்ணி நேரத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வாராம். இறுதி மட்ச்சில் கொனாக்ட் மாகாணம் 1-5, மன்ஸ்டர் மாகாணம் 0-7, வென்றது கொனாக்ட். எனக்கு அந்தக் கணக்கே விளங்கவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் போட்டி இப்போது நடப்பதே இல்லையாம். நின்றுபோன ஒரு போட்டியின் பழைய ஸ்கோரை ஒரு மனிதர் இவ்வளவு காலம் நெஞ்சில் வைத்திருக்கிறார் என்றால் அதில் என்னவோ இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை_அக்கா:
கணக்கு சுலபம் தம்பி. கம்பம் இரண்டு, நடுவே குறுக்குச் சட்டம். பந்து சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. சட்டத்துக்கு மேலே, கம்பங்களுக்கு இடையே போனால் 1 புள்ளி. ஸ்கோரில் முதல் எண் கோல், இரண்டாவது புள்ளி. அப்போ 1-5 என்றால் 8, 0-7 என்றால் 7. ஒரே ஒரு புள்ளியில் வெற்றி. ஒரு பக்கத்துக்கு 15 பேர், ஆஷ் மரத்தில் செய்த மட்டை. பந்தின் பெயர் ஸ்லிட்டர், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு.

லிமரிக்கில்_ஏழு_வருடம்:
இப்போது கொழும்பில்தான் இருக்கிறேன், ஆனால் ஹர்லிங் என்றால் இன்றைக்கும் எழுதாமல் இருக்க முடியாது.

தம்பி, 1980-ஐ விளங்க வேண்டுமானால் கோல்வேயின் நிலைமையை முதலில் பார்க்க வேண்டும். அங்கே நாலு மாகாணம்: மன்ஸ்டர், லென்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட். கொனாக்ட்டில் ஹர்லிங்கைப் பலமாக ஆடும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கோல்வே ஒன்றுதான். சொந்த மாகாணத்தில் சரிக்குச் சரி மோத ஆளில்லை. அதனால் 1959 முதல் 1969 வரை மன்ஸ்டருக்குள் போய் ஆடிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அப்புறம் கோடைக்காலத்தில் இரண்டொரு பெரிய மட்ச்தான், அதுவும் மற்றவர்கள் மாதக்கணக்காக மோதிப் பழகி வந்த பிறகு. கவுண்டிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியின் 1975 இறுதி ஆட்டத்தில் கில்கெனி கவுண்டியிடம் தோல்வி, 1979-இலும் அதே கில்கெனியிடம் தோல்வி. அதுவரை கோல்வே கடைசியாக அந்தக் கிண்ணம் வென்றது 1923-இல்.

இப்படியான அணிக்கு மாகாணப் போட்டி எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கள். மன்ஸ்டர் அணியில் கோர்க், டிப்பரேரி, லிமரிக், கிளேர், வோட்டர்போர்ட் என்று ஐந்து கவுண்டிகளின் சிறந்த ஆட்டக்காரர்கள். கொனாக்ட் சட்டை போட்டு வந்தது பெரும்பாலும் கோல்வே பெடியள். அந்த 1980-இல் அவர்கள் மன்ஸ்டரை ஒரு புள்ளியால் வென்றார்கள். கொனாக்ட் அதற்கு முன் இந்தக் கிண்ணத்தை எடுத்தது 1947-இல் ஒரே ஒரு தரம்! அதே 1980 செப்டெம்பர் 7-ஆம் திகதி, டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம்: கோல்வே 2-15, லிமரிக் 3-9. அக்கா சொன்ன கணக்குப்படி 21-க்கு 18. 57 வருசத்துக்குப் பிறகு கிண்ணம் கோல்வேக்கு. தலைவர் ஜோ கொனலி அயர்லாந்து மொழியிலேயே பேசினார், நாட்டை விட்டு வெளியே போய் வாழும் கோல்வே ஆக்களையும் மறக்காமல் சொன்னார். நான் லிமரிக் பக்கத்தவன், ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டால் தொண்டை அடைக்கும், ஏனென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மாகாண வெற்றி மட்டும்தான் அந்த செப்டெம்பரைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘இவர்களை வெல்லலாம்’ என்ற நினைப்பு அங்கேதான் வேர் பிடித்தது என்று நம்புகிறேன்.

பொரளை_ஓவல்:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா, ஆனால் ஒன்று இடிக்கிறது. அவ்வளவு பெரிய விசயமென்றால் ஏன் நின்றது? நான் சாரா ஓவலில் தமிழ் யூனியன் கழகத்தின் கிரிக்கெட் ஆட்டம் பார்த்து வளர்ந்தவன். எங்கள் நாட்டிலும் 2022-இல் நெஷனல் சூப்பர் லீக் என்று கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகள் வைத்தார்கள். தரம் நல்லது, கதிரைகள் வெறுமை. மார்ச்சில் ரோயல்–தோமியன் பாடசாலை மட்ச் என்றால் எஸ்எஸ்சி மைதானத்தில் இடம் கிடைக்காது. சனம் வருவது பாடசாலைக்கும் கழகத்துக்கும்தான். மாகாணம் என்பது மேசையில் போட்ட கோடு.

லிமரிக்கில்_ஏழு_வருடம்:
பாதி உண்மை தம்பி. அங்கேயும் நடந்தது அதுதான். மாகாணப் போட்டி 1927-இல் ரயில்வே கொம்பனி கொடுத்த கிண்ணத்தோடு தொடங்கியதால் ‘ரயில்வே கப்’ என்று பெயர். இறுதி மட்ச் மார்ச் 17, புனித பட்ரிக் தினத்தில். 1954-இல் 49 ஆயிரம் பேர் வந்தார்கள். கிறிஸ்டி ரிங் என்ற கோர்க்காரர் மன்ஸ்டருக்காக 18 பதக்கம் எடுத்தார், கடைசியானது 40 வயது தாண்டி 1963-இல். பிறகு கழக இறுதி ஆட்டங்கள் அந்த மார்ச் 17-ஐப் பிடித்துக்கொண்டன, மாகாணப் போட்டியைக் கலண்டரில் அங்கும் இங்கும் தள்ளினார்கள். 2016-க்குப் பிறகு ஹர்லிங்கில் அது இல்லை. ஆட்டக்காரர்களுக்கு விருப்பம் குறையவில்லை, நாள்தான் பறிபோனது. நிலையான ஒரு நாள் இல்லாத போட்டிக்குச் சனம் எப்படி வரும்? எங்கள் மாகாண கிரிக்கெட்டுக்கும் ஒவ்வொரு வருசமும் மாறாத ஒரு நாளைக் கொடுத்துப் பார்க்கட்டும், பிறகு கோடு என்று சொல்லுங்கள்.

பொரளை_ஓவல்:
நாள் விசயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோல்வே மாதிரி, மாகாணமும் சொந்த ஊரும் ஒன்றாகிற இடத்தில்தான் அது ஓடும். யாழ்ப்பாண அணிக்கு வேண்டுமானால் அப்படி ஒரு உணர்வு வரலாம்.

வெள்ளவத்தை_தம்பி:
எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே அண்ணாவுக்கு அனுப்பினேன், அவர் அந்தக் கோல்வேக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாராம். அண்ணா டிசம்பரில் வருகிறார், இரண்டு மட்டையும் நாலு பந்தும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். காலையில் ஒரு மைதானம் பார்த்து அடித்துப் பழகலாம், வர விருப்பமானவர்கள் எழுதுங்கள்.

தெஹிவளை_அக்கா:
நான் வருகிறேன், மகனையும் கூட்டிவருகிறேன். ஹெல்மெட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள் தம்பி. அங்கே 2010 முதல் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் கட்டாயம்.