168ஆம் தெரு ஆர்மரியில் எங்கள் முதல் பந்தயம்

நியூயார்க்கில் 168ஆம் தெரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தச் செங்கல் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரி. 1911இல் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு ஒன்றுக்காகத் திறந்த ஆயுதக் கிடங்கு (ஆர்மரி) அது. இன்று உள்ளரங்க ஓட்டப் பந்தயக் கூடம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் 4×800 மீட்டர் ரிலேயில், அதாவது நால்வர் ஆளுக்கு 800 மீட்டர் ஓடும் தொடரோட்டத்தில், ஓடினாள். அதற்காகத்தான் முதல் தடவை போனேன்.

மாடி ஏறிக் கூடத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டேன். அவ்வளவு பெரிய இடத்தில் நடுவில் ஒரு தூண் கூட இல்லை. மழையோ பனியோ, ஒரு படை முழுதும் உள்ளேயே அணிவகுத்துப் பழக வேண்டும் என்று இரும்பு வளைவுகளின் மேல் கூரையை நிறுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் இன்று எந்த இருக்கையிலிருந்தும் ஓடுதளம் முழுதாகத் தெரிகிறது.

சுற்று 200 மீட்டர்தான், வெளி மைதானத்தில் பாதி. வளைவுகள் உயர்ந்து சாய்ந்திருக்கும். ஆளுக்கு நான்கு சுற்று. மகள் மூன்றாவது ஆள். பேட்டனை, அதாவது ஒருவர் அடுத்தவரிடம் கைமாற்றும் கோலை, வாங்கி வளைவுக்குள் போனபோது கூட்டத்தின் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. முடிந்ததும் அவள் முதலில் இருமினாள், அப்புறம்தான் சிரித்தாள். உள்ளே காற்று அவ்வளவு வறட்சி. ஓடி முடித்த எல்லாப் பிள்ளைகளும் இருமிக்கொண்டேதான் படியிறங்கினார்கள்.

இதே தரையில் 1980களில் வீடற்ற ஆண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். பழைய மரத்தரை பாழாகியிருந்தது. முதல் நியூயார்க் மாரத்தான்களில் ஒன்றை, 1974இல், வென்ற நார்ப் சாண்டர் என்ற மருத்துவர் விடாமல் அலைந்து பணம் திரட்டி, 1993இல் அதைத் திரும்ப ஓட்டக்காரர்களிடம் கொண்டுவந்தார். 2017இல் மறைந்துவிட்டார். அவரை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு குளிர்காலத்தில் ஓட ஓர் இடம் வேண்டும் என்று ஒருவர் அத்தனை வருடம் உழைத்திருக்கிறார்!

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்துவந்த மில்ரோஸ் என்ற வருடாந்தர உள்ளரங்கத் தடகளப் போட்டிகளும் 2012இல் இங்கே வந்துவிட்டன. 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஓட்டக்காரர் யாரெட் நுகூஸ் ஒரு மைலை 3 நிமிடம் 46.63 விநாடியில் ஓடி உள்ளரங்க உலக சாதனை படைத்ததும் இங்கேதான். அன்று வீட்டில் திரையில் பார்த்தோம். "அப்பா, நான் பேட்டன் வாங்கின வளைவு அதுதான்" என்று மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்று: முடிவுக்கோட்டுக்கு நேரே இடம் தேடாதீர்கள். வளைவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், முந்துவதற்கான தள்ளுமுள்ளு அங்கேதான் நடக்கும். தண்ணீரும் இருமல் மிட்டாயும் மறக்க வேண்டாம்.