மைனஸ் 4, வயது 43, தையல் தொழில்: லேசர் செய்துகொள்ளலாமா?

ஊசிக்கண் எழுதியது:

ஆறாம் வகுப்பில் கண்ணாடி போட்டேன். இப்போது வயது 43. ஏறிக்கொண்டே வந்த பவர் 22 வயதோடு நின்றுவிட்டது. அதன்பிறகு கண்ணாடி உடைந்தால்தான் கண் பரிசோதனைக்கே போவேன். தொழில் தையல். நாளில் எட்டு மணி நேரமாவது மெஷின் முன்னால்தான்.

சென்ற மாதம் ஃபிரேமின் கால் ஒடிந்தது. ஒரு கண்ணாடிக் கடையில் சோதித்து வலது கண்ணுக்கு −4.00, சிலிண்டர் −0.75, அச்சு 180 என்று எழுதித் தந்தார்கள். இடது கண்ணுக்கு −3.75 மட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று வாரம் கழித்து ஒரு கண் மருத்துவமனையிலும் காட்டினேன். இடது கண் அதே −3.75. வலது கண்ணுக்கு −4.75, சிலிண்டர் +0.75, அச்சு 90. மூன்று வாரத்தில் முக்கால் பவர் ஏறிவிடுமா? அல்லது இருவரில் ஒருவர் தவறா?

சந்தேகம் என்மேலும் இருக்கிறது. "1 தெளிவா, 2 தெளிவா" என்று அவர்கள் கேட்கும்போது, வாய்ப்பாடு மறந்த பிள்ளையைப்போல் எனக்கு வியர்த்துவிடும். கடைசியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அப்படிச் சொன்னால் கவனமில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று வாய்க்கு வந்தபடி "2" என்றேன். அதனால்தான் எண் மாறிவிட்டதோ?

இன்னொன்று. ஓராண்டாகவே, கண்ணாடி போட்டிருக்கும்போது துணியில் நானே போட்ட சாக்குக்கட்டிக் கோடு கிட்டத்தில் மங்குகிறது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஊசியை மூக்கருகே கொண்டுவந்து கோத்துவிடுவேன். அப்போது பளிச்சென்று தெரிகிறது.

மருத்துவமனையில் கருவிழியின் தடிமன் 512 மைக்ரான், லேசருக்கு ஏற்றது, கண்ணாடியே வேண்டியிருக்காது என்றார்கள். 32 ஆண்டுகளாக மூக்கில் சுமந்தவளுக்கு அதைக் கேட்டதும் உடனே நாள் குறிக்கத் தோன்றியது. செய்துகொள்ளலாமா?

பின்குறிப்பு: கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார்கள். அன்று தைத்துக் கொடுக்க வேண்டிய வேலை இருந்ததால் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

—

விடியல்27 எழுதியது:

தாராளமாகச் செய்துகொள்ளுங்கள் அக்கா. நான் 27 வயதில் லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். பவர் −5. மறுநாள் காலை எழுந்ததும் பழக்கதோஷத்தில் தலையணைக்கு அருகே கண்ணாடியைத் துழாவினேன், அப்புறம்தான் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரம் தெரிகிறது என்பதே உறைத்தது. பதினொரு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் குறையில்லை. முதல் ஆறு மாதம் கண் வறட்சி இருந்தது. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது, பிறகு குறைந்துவிட்டது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால் அளவெடுப்பதற்கு முன்பு அதை நிறுத்தச் சொல்வார்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே சற்று மாற்றிவைத்திருக்கும். மற்றபடி யோசிக்க ஒன்றுமில்லை.

—

மூன்றாம்வரி எழுதியது:

யோசிக்க நிறைய இருக்கிறது. விடியல்27-க்கு அன்று வயது 27, உங்களுக்கு 43. கேள்வியின் முடிச்சே அந்தப் பதினாறு ஆண்டுகளில்தான் இருக்கிறது. நான் 26 ஆண்டுகளாகக் கண்ணுக்குப் பவர் பார்க்கிறவன். அறுவை செய்கிறவன் அல்லன், கண்ணாடி விற்கிறவனும் அல்லன்.

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இரண்டு சீட்டும் ஒன்றுதான். சிலிண்டர் என்பது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததைச் சரிசெய்யும் பவர், அச்சு என்பது அது அமரும் திசை. −4.00-உடன் −0.75-ஐக் கூட்டுங்கள்: −4.75. சிலிண்டரின் குறியை மாற்றுங்கள்: +0.75. அச்சை 90 டிகிரி திருப்புங்கள்: 180 என்பது 90 ஆகிவிடும். கண்ணாடிக் கடைகளில் மைனஸ் சிலிண்டரில் எழுதுவது வழக்கம். மருத்துவர்களில் சிலர் பிளஸ் சிலிண்டரில் எழுதுவார்கள். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் மார்பளவு மாறிவிடுமா? அதுபோலத்தான் இதுவும். இரண்டு இடத்திலும் சோதித்தவர்கள் கால் பவர்கூடப் பிசகாமல் ஒரே எண்ணுக்கு வந்திருக்கிறார்கள். நல்ல வேலை.

அந்த "2" விஷயம். "இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன" என்ற பதிலுக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம். சிலிண்டரைச் சரிபார்க்கும்போது ஒரு சிறிய லென்ஸைப் புரட்டிப் புரட்டிக் காட்டுகிறோம். இரு பக்கமும் ஒரே அளவு மங்கலாகத் தெரிந்தால் அச்சு சரியாக அமர்ந்துவிட்டது என்று பொருள். நீங்கள் பதற்றத்தில் ஒரு முறை "2" என்றதால் ஒன்றும் கெடவில்லை. நாங்கள் அதே கேள்வியை வேறு வேறு இடத்திலிருந்து திரும்பவும் கேட்போம், உளறல் அங்கே அகப்பட்டுவிடும். கணினிக் கருவியும், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பும் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஏறக்குறைய ஓர் எண்ணைச் சொல்லியிருக்கும்.

உண்மையில் எங்களை ஏமாற்றும் பதில் வேறு. மைனஸைக் கூட்டக் கூட்ட எழுத்து சிறுத்துக் கருமையாகும். பார்ப்பவருக்கு அது தெளிவு போலத் தோன்றும். "எழுத்து தெளிகிறதா, இல்லை சின்னதாகிக் கறுக்கிறதா?" என்று நான் கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் யோசிப்பார்கள். சிவப்பு-பச்சைக் கட்டம் காட்டுவதும் இதற்குத்தான்: பச்சையில் இருக்கும் எழுத்து அதிகத் தெளிவாக இருந்தால் மைனஸ் கூடிவிட்டது. இமையைச் சுருக்கிப் பார்க்காதீர்கள் என்று நாங்கள் அதட்டுவதற்கும் காரணம் உண்டு. சிறு இடுக்கு வழியாகப் பார்த்தால் மங்கல் தானே குறைந்துவிடும், எங்கள் கணக்கு கெட்டுவிடும். (எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. மூன்றாம் வரியைக் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பித்த ஒரு முதியவரின் நினைவாகத்தான் எனக்கு இந்தப் புனைபெயர்.)

இனி உங்கள் கிட்டப் பார்வை. 100-ஐப் பவரால் வகுத்தால் கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் தூரம்வரை தெளிவாகத் தெரியும் என்று வரும். −4 என்றால் 25. எந்த முயற்சியும் இல்லாமல், கண்ணுக்குள் எந்தத் தசையும் அசையாமல், அந்தத் தூரத்தில் உங்களுக்குப் பளிச்சென்று தெரியும். உங்கள் வயதில் பார்வைக் குறையே இல்லாத ஒருவர் ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துத் திண்டாடிக்கொண்டிருப்பார். நீங்கள் நெற்றிக்கு ஏற்றினீர்கள், கோத்தீர்கள்.

சாக்குக்கட்டிக் கோடு மங்குவது பவர் ஏறியதால் அல்ல. அதற்குப் பெயர் வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகுகிறது, கிட்டப் பார்ப்பதற்காக உப்பிக்கொள்ள அதனால் முடிவதில்லை. நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வரும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வராது என்று சிலர் நம்புகிறார்கள். வருகிறது, கண்ணாடியைக் கழற்றித் தப்பித்துக்கொள்வதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

லேசர் செய்தால் என்ன ஆகும்? கருவிழியையே −4 கண்ணாடியாகச் செதுக்கிவிடுகிறார்கள். நெற்றிக்கு ஏற்ற முடியாத கண்ணாடி அது. தூரம் அருமையாகத் தெரியும். ஊசிக் காது தெரியாது. இப்போதைக்கு +1 அல்லது +1.25, ஐம்பதைத் தாண்டினால் +2-க்கு மேல் என்று படிக்கும் கண்ணாடி வாங்குவீர்கள். உங்கள் வேலை நேரமெல்லாம் அதுதான் மூக்கில் இருக்கும். "கண்ணாடியே வேண்டியிருக்காது" என்று உங்களிடம் சொன்னவர், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாரா?

512 மைக்ரான் போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. செதுக்குவதற்காகக் கருவிழியின் மேலே மெல்லிதாகத் திறக்கும் மடல் ஏறக்குறைய 110 மைக்ரான். ஒரு டயாப்டருக்கு, அதாவது ஒரு பவருக்கு, சுமார் 15 வீதம் உங்களுக்குச் செதுக்குவது எழுபதை ஒட்டி வரும். மிச்சம் 330 இருக்கும், குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பரவலான எல்லை. (கருவிழி கூம்பாகும் நோயின் சாயல் இருக்கிறதா என்று அதன் மேடுபள்ளத்தையும் படமெடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.) ஆனால் கருவிழி இடம்கொடுப்பது வேறு, உங்கள் தொழில் இடம்கொடுப்பது வேறு.

லேசரிலேயே நடுவழி ஒன்று உண்டு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் விட்டுவைப்பது. சிலருக்கு அருமையாக ஒத்துப்போகிறது. ஆனால் இரு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் ஊசிமுனை நூலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியும். அதில் கொஞ்சம் இழப்பீர்கள். ஆசை இருந்தால் கத்தி வைப்பதற்கு முன்பு அதே பவரில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு இரண்டு வாரம் தைத்துப் பாருங்கள்.

கடைசியாக, அந்தச் சொட்டு மருந்து. உங்கள் பதிவிலேயே எனக்குக் கோபம் வந்த இடம் அந்தப் பின்குறிப்புதான். மைனஸ் கண் என்றால் பெரும்பாலும் நீளம் கூடிய கண். உள்ளே விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்திருக்கலாம். சொட்டு மருந்தால் கண்பாவையை விரித்துப் பார்த்தால்தான் அந்த ஓரம் முழுவதும் தெரியும். லேசர் செய்தாலும் கண்ணின் நீளம் குறையாது, எனவே லேசருக்குப் பிறகும் இந்தச் சோதனை உண்டு. திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றே ஓடுங்கள். தையல் வேலை காத்திருக்கும்.

—

மூன்றுகண்ணாடி எழுதியது:

மூன்றாம்வரி சொல்வதற்கு நான் சாட்சி. அச்சுப்பிழை திருத்துவது என் தொழில். −3.50 இருந்தது, 46 வயதில் லேசர் செய்துகொண்டேன். எங்கே என்பது வேண்டாம். அறுவையில் ஒரு குறையும் இல்லை, தூரப் பார்வை 6/6, அதாவது குறையில்லாமல் தெரிகிறது. மூன்றாம் நாள் மெய்ப்புத்தாளை எடுத்தேன். முப்பது ஆண்டுகளாகக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் படித்த அதே தூரத்தில் ஒற்றுக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுபரிசோதனையில் கேட்டபோது "வயசு சார்" என்றார்கள். வயது அறுவைக்கு முந்தின நாளும் அதேதான், அன்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் தந்த படிவத்தில் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்ததாம். அது பொடி எழுத்து.

முன்பு ஒரு கண்ணாடி. இப்போது மேசையில் ஒன்று, பையில் ஒன்று, எங்கே என்று தெரியாமல் ஒன்று.

ஆனாலும் மழையில் நனைந்தபடி நடக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது.

ஒரு யோசனை: யார் லேசர் செய்துகொண்டாலும் அறுவைக்கு முந்தைய கருவிழி அளவுகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது கணக்குப் போட அவை உதவும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

—

ஊசிக்கண் எழுதியது:

அந்தக் கூட்டல் கழித்தலை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு சீட்டும் ஒன்றே என்று அவர்களே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

அளவுநாடா கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி, பட்டனில் இருந்த எழுத்து கலங்கும் இடத்தை அளந்தேன். வலது 23 சென்டிமீட்டர், இடது 27. பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து கண்ணிலிருந்து ஊசிவரை அளந்தேன். 41. ஆக, கழற்றினால் ஊசி எட்டவில்லை, போட்டால் ஊசி மங்குகிறது. இத்தனை நாள் கழுத்தை நீட்டித் தைத்ததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. இதற்கு என்ன கண்ணாடி? தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியாக வரும் புரோகிரசிவ் நல்லது என்கிறார்களே?

—

மூன்றாம்வரி எழுதியது:

இப்படி அளந்துகொண்டு வருகிறவர்கள் ஆண்டுக்கு இருவர்கூட இல்லை.

புரோகிரசிவ் வெளியே போக நல்லது. அதில் கிட்டத்துக்கான பகுதி கீழே குறுகலாக இருக்கும், இரு பக்கமும் உருவம் நெளியும். பழக ஓரிரு வாரம் ஆகும், படி இறங்கும்போது எச்சரிக்கை வேண்டும். நேரான துணி ஓரம் வளைந்து தெரிந்தால் உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். வேலைக்கென்று தனியாக ஒரே பவரில் ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். தூரத்துப் பவரில் ஒன்றைக் குறைத்தால் வலது −3.00 / −0.75 × 180, இடது −2.75 என்று வரும். இது தோராயம். சோதனையின்போது 41 சென்டிமீட்டர் என்பதைச் சொல்லி, அந்தத் தூரத்தில் ஒரு துண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டே சோதனை லென்ஸில் பாருங்கள். வெளியே போகும்போது இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள், தூரம் மங்கும்.

கான்டாக்ட் லென்ஸ் விசேஷங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் போட்டால் கண்ணாடியைவிடக் கிட்டப் பார்வை இன்னும் கொஞ்சம் சிரமப்படும், மைனஸ் கண்களின் இயல்பு அது. தண்ணீர் படக் கூடாது, போட்டபடி தூங்கக் கூடாது.

சொட்டு மருந்து?

—

ஊசிக்கண் எழுதியது:

விட்டுக்கொண்டேன். நேற்று. அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள், பிறகு நெற்றியில் விளக்கு கட்டிய மருத்துவர் மேலே பார், கீழே பார், வலது மூலையைப் பார் என்று விரட்டினார். இடது கண்ணின் ஓரத்தில் ஓர் இடம் மெலிந்திருக்கிறதாம். ஓட்டை இல்லை, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். படம் வரைந்து, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில் ஒரு குறி போட்டுத் தந்திருக்கிறார்.

லேசருக்கு நாள் குறிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வேலைக் கண்ணாடிக்குச் சொல்லியாகிவிட்டது. வலது −3.00, இடது −2.75, நீங்கள் சொன்னதேதான்.

நேற்று மாலைவரை வெயிலும் ஆகவில்லை, துணியும் தெரியவில்லை. ஐந்து மணி நேரம் மெஷினை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியாக அப்படி உட்கார்ந்தது எப்போது என்று நினைவே இல்லை.