நாலு நாள் லீவு, எங்கேயும் போகல: வீட்டிலேயே உருப்படியா ஓய்வெடுப்பது எப்படி?

வேளச்சேரி மாடிவீடு:
அடுத்த வாரம் செவ்வாய் முதல் வெள்ளி வரை லீவு சொல்லியாச்சு. பயணம் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். பையனுக்கு ஸ்கூல் உண்டு, அதனால பகல் முழுக்க வீடு அமைதிதான். ஆனா வீட்டில் இருந்தாலே லீவு பேங்க், கேஸ் சிலிண்டர், ரிப்பேர்னு கரைஞ்சிடும், மிச்சம் போனில் போயிடும். எண்ணெய்க் குளியல் எடுக்கலாமான்னும் ஒரு யோசனை, முறை தெரியாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈஸிசேர்:
முதல் வேலை போன். அதை அணைச்சு வைக்கிறது சரிப்படாது, ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டா தெரியாது. ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டு, வீட்டு நம்பர், ஸ்கூல் நம்பர் ரெண்டுக்கு மட்டும் விலக்கு கொடுங்க. அதிலேயே ‘ரிப்பீட் காலர்’னு ஒண்ணு இருக்கும். ஆண்ட்ராய்டில் 15 நிமிஷத்துக்குள்ள அதே ஆள் ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். அவசரம்னா எப்படியும் திரும்பக் கூப்பிடுவாங்க. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணினா போதாது, பட்டியலில் மேலே வந்து நின்னு கண்ணை இழுக்கும். ஆர்க்கைவ் பண்ணுங்க.

வெளி வேலை எல்லாத்தையும் செவ்வாய் மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க. முடியாதது அடுத்த மாசம். நாலு நாளிலும் ‘கொஞ்சம் கொஞ்சமா’ பார்த்துக்கலாம்னு விட்டாதான் லீவு கெடும். உங்க ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள்னும் பார்த்து வச்சுக்குங்க. பொதுவா காலை 9 முதல் மதியம் 2 வரை. ஃபேன் இல்லாம சென்னையில் ஓய்வாவது, ஒண்ணாவது!

தூக்கம்: எழுந்திரிக்கிற நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளாதீங்க. பத்து மணி வரை தூங்கினா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது, திங்கள்கிழமை அது தெரியும். பகலில் 20 நிமிஷம், மூணு மணிக்கு முன்னாடி. அதைத் தாண்டினா ஆழ்ந்த தூக்கத்தில் பாதியில் எழுந்து, தலை மந்தமா இருக்கும். சாயந்தரக் காபியை விட்டுடுங்க. நாலு மணிக்குக் குடிச்ச டிகாக்‌ஷனில் பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும்.

சீயக்காய் பிரியர்:
எண்ணெய்க் குளியலுக்கு ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும்னு வழக்கம். உங்க லீவில் புதன் இருக்கு. சளி, காய்ச்சல், சைனஸ் இருந்தா அன்னிக்கு வேண்டாம்.

செக்கு நல்லெண்ணெய் 60 மில்லி போதும். இரும்புக் கரண்டியில் ஊத்தி, அரை டீஸ்பூன் சீரகம், நாலு மிளகு போட்டு, சின்னத் தீயில் சீரகம் பொரிஞ்சதும் இறக்குங்க. கருக விட்டா அந்த வாசனை தலையை விட்டுப் போகாது. புறங்கையில் ஒரு சொட்டு வச்சுப் பாருங்க, சுடக் கூடாது. உச்சந்தலை, காது மடல், தொப்புள், உள்ளங்கால்னு தேய்ச்சு, 20 நிமிஷம் ஊறினா போதும். ஊற ஊற நல்லதுன்னு ஒரு மணி நேரம் ஈரத் தலையோட உட்கார்ந்து சளி பிடிச்சுக்கிறவங்கதான் அதிகம்.

சீயக்காய் மூணு டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான வடிகஞ்சியில் கூழ் மாதிரி கரைங்க. வெறும் தண்ணியில் கரைச்சா எண்ணெய் முழுசா போகாது. பொடியைத் துணியில் சலிச்சுக்குங்க, இல்லைன்னா முடிக்குள்ள திப்பி நிக்கும். கண்ணில் பட்டா எரியும். உடம்புக்குப் பயத்தமாவு.

ஆபத்து பாத்ரூம் தரையில்தான். எண்ணெய்க் காலோட உள்ளே போறதுக்கு முன்னாடியே தரையில் கொஞ்சம் சீயக்காய்த் தூளைத் தூவி வச்சுக்குங்க, கால் பிடிச்சு நிக்கும். முடிச்சதும் சுடுதண்ணி ஊத்தலைன்னா தண்ணி போற சல்லடையில் அடைப்பு. அன்னிக்குச் சாப்பாடு மிளகு ரசம், துவையல். தயிர் வேண்டாம். பகல் தூக்கமும் அன்னிக்கு மட்டும் வேண்டாம், ராத்திரி ஒன்பதுக்கே கண் சொக்கும். ஈஸிசேர் சொன்ன 20 நிமிஷத்தை மத்த நாளுக்கு வச்சுக்குங்க.

பறக்கும் ரயில்:
நாலு நாளும் சுவத்தையே பார்க்க முடியாது. ஒரு நாள் வேளச்சேரியில் ரயில் ஏறி கோட்டூர்புரத்தில் இறங்குங்க. 2010-ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கம்தான். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தரைத்தளத்தில் தனி இடம் இருக்கு. ஏசி, யாரும் ‘என்ன பண்றீங்க’ன்னு கேட்க மாட்டாங்க.

கடல்னா திருவான்மியூர். சூரியன் மே, ஜூனில் 5:45 வாக்கில் எழும்பும், ஜனவரியில் 6:30 ஆகிடும். ஏழரைக்குள்ள அங்கிருந்து கிளம்பிடுங்க. சாயந்தரம் பெசன்ட் நகர் போனா ஓய்வு கிடையாது, பார்க்கிங்தான். கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, அன்னிக்குப் போய் நிக்காதீங்க.

வேளச்சேரி மாடிவீடு:
ரொம்ப நன்றி. சீயக்காய்க்குப் பதிலா ஷாம்பு போட்டா குத்தமா?

சீயக்காய் பிரியர்:
குத்தமில்லை. ஆனா தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி, எண்ணெய்த் தலையிலேயே ஷாம்புவைப் போட்டுத் தேய்ங்க. முதலில் நனைச்சுட்டா எண்ணெய் மேல தண்ணி ஓடிடும், நாலு தடவை போட்டாலும் பிசுபிசுப்பு போகாது.