மறு: ஜக் ஸ்டாண்டுக்குத் தமிழ்ச்சொல் – முண்டுகால்?

வணக்கம்.

ஜக் ஸ்டாண்டுக்கு, அதாவது ஜக்கால் தூக்கிய காரை விழாமல் பிடித்து நிற்கும் இரும்புக் காலுக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாளாக நடக்கும் இந்தப் பேச்சை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். மொழி அறிந்தவர்கள் பேசும் இடத்தில் நமக்கென்ன வேலை என்று ஒதுங்கியிருந்தேன். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் 6 பேர்ச் காணிக்குள் கார் போர்ட்டிக்கோவையே வேலைத்தளமாக்கி, பழைய கொரோலா ஒன்றோடு மல்லுக்கட்டுகிற ஆள் நான். பேசப்படும் சாமான் பிடித்து நிற்கும் காருக்குக் கீழேதான் ஞாயிறு தோறும் மல்லாக்கப் படுக்கிறேன். ஆகவே ஒரு வாக்கு எனக்கும் உண்டு.

> தாங்கி என்றே வைத்துவிடலாமே. பேரிங்குக்கே அந்தச் சொல்தானே?

சென்னை நண்பருக்கு: உங்கள் ஊரில் சரி. இங்கே தாங்கி என்றால் மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி. நீங்கள் தொட்டி என்பதைத்தான் நாங்கள் தாங்கி என்கிறோம். எரிபொருள் தாங்கி என்று பத்திரிகையிலும் அப்படியே வரும். "காருக்குக் கீழே இருக்கிற தாங்கியைக் கழற்று" என்று நான் சொன்னால் உதவிக்கு வந்தவன் பெற்றோல் டாங்க்கில் கை வைப்பான். சுமைதாங்கிக்கல்லில் இருந்து சொல் எடுக்கலாம் என்றவரின் எண்ணம் அழகானது. ஆனால் இடிப்பது அதே தாங்கிதான்.

சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருவர் சலித்துக்கொண்டார். இந்தச் சாமானை நான் முதன்முதலில் வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். பஞ்சிகாவத்தையில் ஒரு கடை. "ஜக் ஸ்டாண்ட் இருக்கா நானா?" என்றேன். உள்ளே போனவர் எண்ணெய் ஜக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இது இல்லை, ஸ்டாண்ட் என்றேன். "ஜக் வாங்கினா காணுமே தம்பி, அது தானா நிக்கும். அதுக்கு ஸ்டாண்ட் என்னத்துக்கு?" என்றார். அவரில் பிழை இல்லை. சொல்லைக் கேட்டால் ஜக்கை நிறுத்திவைக்கும் ஸ்டாண்ட் என்றுதானே படுகிறது! எனக்கும் விளக்கத் தெரியவில்லை. ஜக்கை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கிழமையே பின்சில்லைக் கழற்றி, ஜக்கிலேயே காரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு காவலுக்கு என்று பக்கத்தில் ஓட்டைச் சீமெந்துக் கல் ஒன்றையும் வைத்திருந்தேன். திரும்பி வரும்போது ஜக்கின் அடியில் ஒரு ரூபாக் குற்றியளவு எண்ணெய். கார் இறங்கிக் கல்லில் குந்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கல் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு சாம்பல் நிறத் தூள். பிரேக் டிரம் நிலத்தில் இருந்த டைல்ஸை உடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பத்து நிமிடத்துக்கு முன்பு என் தோள் இருந்த இடம் அது.

ஜக் பாரத்தைப் பிடித்திருப்பது எண்ணெயாலும் ஒரு றப்பர் வளையத்தாலும். வளையம் தேய்ந்தால் சத்தமே இல்லாமல் இறங்கும். நாம் பெயர் தேடும் சாமானில் எண்ணெய் இல்லை, றப்பர் இல்லை, இரும்பின்மேல் இரும்பு. தூக்குவது ஒன்று, பிடித்து நிற்பது வேறொன்று. இந்த இரண்டும் ஒரே பெயரைப் பங்குபோடக் கூடாது என்பதுதான் என் வழக்கு. ஆகவே ஜக் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் எந்த முன்மொழிவுக்கும் நான் எதிர். 'ஜக் நிலை', 'ஜக் தாங்கு' எல்லாம் என் கணக்கில் வெளியே.

இங்கிலாந்துக்காரர் சொல்லும் அக்சில் ஸ்டாண்டைப் பெயர்த்து 'அச்சுநிலை' என்ற முன்மொழிவும் ஒட்டவில்லை. பழைய மொறிஸ் மைனர் காரின் பின்பக்கத்துக்குப் பொருந்தும், அங்கே குறுக்கே ஒரே அச்சு ஓடும். என் கொரோலாவின் முன்பக்கத்தில் அப்படி முட்டுக்கொடுக்க ஓர் அச்சே இல்லை. உடலின் ஓரத்தில் அதற்கென்று பலப்படுத்திய இடத்தில்தான் வைக்க வேண்டும். பெயரைப் பார்த்துவிட்டு ஒரு பொடியன் சில்லைச் சுழற்றும் ஓட்டுத் தண்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தால் யார் பொறுப்பு?

இனி முட்டு என்று தொடங்கும் முன்மொழிவுகள். 'முட்டுக்கால்' என்றால் முழங்கால் நினைவு வருகிறது என்று மட்டக்களப்பு அன்பர் சொன்னது நியாயம். 'முட்டுக்கட்டை' முன்பு வண்டிக்குக் கொடுத்த கட்டைதான், ஆனால் இன்று தடை என்ற பொருளைத் தவிர வேறெதற்கும் ஆகாத நிலைக்கு வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் வாழை குலை தள்ளிச் சரிந்தால் என்ன செய்வோம்? கவட்டுத் தடி ஒன்றை வெட்டி முண்டு கொடுப்போம். தடி வாழையைத் தூக்குவதில்லை. சரிந்ததை விழவிடாமல் நிற்கும். நமக்கு வேண்டிய வேலை அச்சொட்டாக அதுதான். அந்தச் சாமானின் தலையும் கவடு மாதிரி நடுவில் பள்ளமாகத்தான் இருக்கும். அரசுக்கு முண்டுகொடுக்கும் கட்சி என்று பத்திரிகைகள் எழுதி எழுதிச் சொல்லில் கொஞ்சம் கறை படிந்துவிட்டது உண்மை. கராஜில் எண்ணெய்க் கறையோடு கறையாகப் போகட்டும்.

முண்டு என்று தனியே வைக்கலாமா? வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளில் கைவிட்டேன். காரணம் இலக்கணம்தான். இரண்டாம் வேற்றுமையில் என்ன ஆகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காருக்குக் கீழே படுத்துக்கொண்டு அந்தச் சொல்லை உரக்கக் கத்தி "எடுத்துக்கொண்டு வா" என்றேன். பக்கத்து வீட்டு அன்ரி ஜன்னலைச் சாத்தினார். ஆகவே கால் சேர்த்தேன். முண்டுகால், முண்டுகாலை, முண்டுகாலில். வாயில் இடறவில்லை. "3 தொன் முண்டுகால் ஒரு சோடி" என்று கடையில் கேட்கலாம். "ஜக்கால தூக்கி முண்டுகால்ல இருத்து" என்று ஒரே மூச்சில் சொல்லலாம். இருத்து என்பதையே வினையாக வைப்போம், நல்ல சொல்.

> வகைகளுக்கும் பெயர் வேண்டுமே?

வேண்டும். துளைக்குள் கம்பி செருகி உயரத்தை நிறுத்துவது 'ஆணி முண்டுகால்'. பல்லில் கொளுவி நிற்பது 'பல் முண்டுகால்'. நான் வைத்திருப்பது ஆணி வகை. 2020இல் அமெரிக்காவில் பல் வகையில் 3 தொன், 6 தொன் முண்டுகால்கள் பெருந்தொகையாகத் திரும்பப் பெறப்பட்டன, பாரத்தோடு பல் நழுவக்கூடும் என்று. அதன்பிறகு எனக்குப் பல்லில் நம்பிக்கை போய்விட்டது. ஆணி வகையில் உயரம் படிப்படியாகத்தான் மாறும், அவ்வளவுதான் குறை.

அவசரப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரைக்கும் தனியாருக்குக் கார் வரவில்லை. உள்ளதை வைத்து ஓட்டப் பழகியதில் கொழும்பில் வீட்டில் ஸ்பனர் பிடிப்பவர்கள் கூடிவிட்டார்கள். என்னிடமே மாதம் ஒருவராவது வந்து கேட்கிறார். அவருக்கு நான் முதலில் காட்டுவது கொம்பிரசரை அல்ல, உடைந்த அந்த டைல்ஸை. போர்ட்டிக்கோவின் மிச்ச டைல்ஸையும் பிறகு பெயர்த்துவிட்டு நான்கு அங்குலக் கொங்கிறீட் போட்டேன். அந்த ஒரு துண்டை மட்டும் கழுவி வைத்திருக்கிறேன்.

மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள். மறுப்பு இல்லையென்றால் சுவர்ப் பலகையில் என் சோடி தொங்கும் இடத்துக்குக் கீழே முண்டுகால் என்று பெயின்ட்டால் எழுதப் போகிறேன். அடுத்ததாக, முதுகுக்குக் கீழே வைத்து உருளும் பலகைக்குச் சொல் வேண்டும். 'சறுக்குப் பலகை' என்று மட்டும் தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம்; அது பிள்ளைகள் விளையாடுவது.