மீரியபெத்தை, ஏழு கன்னி மலை: உங்கள் நினைவில் நிற்பவர்களைப் பற்றி எழுதுங்கள்

கொஸ்லந்தை டீச்சர்:

ஐப்பசி மழை தொடங்கினாலே எனக்கு மீரியபெத்தைதான் ஞாபகம் வருகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். எழுதுங்கள். முதலில் நானே சொல்கிறேன்.

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் சிலருடைய கையில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் காலை ஏழரை மணி போல மலை சரிந்து இறங்கியது. பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்) போய்விட்டவர்களும், பள்ளிக்கூடம் கிளம்பிவிட்ட பிள்ளைகளும் பிழைத்தார்கள். வீட்டில் இருந்த வயதானவர்கள், கைக்குழந்தைகள், அன்றைக்கு மேலுக்கு முடியாமல் வேலைக்குப் போகாதவர்கள் லயத்தோடு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனார்கள்.

முதல் இரண்டு நாளும் எல்லோரும் எண்ணிக்கையைத்தான் கேட்டார்கள். நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், அப்புறம் குறைந்துகொண்டே வந்தது. எண்ணிக்கை குறைந்த அளவுக்குக் கூட்டமும் கமராவும் குறைந்தன. ஆனால் பல பேருடைய உடல் இன்றுவரை வெளியே வரவேயில்லை. சுடுகாடு என்று தனியாக ஒன்று அவர்களுக்கு இல்லை. அந்தச் சரிவுதான்.

முகாமில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இருந்தான், ஆறாம் வகுப்பு. புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றவே மாட்டான். சாப்பிடும்போதும் அப்படியே உட்காருவான். இரவு படுக்கும்போது அதைத் தலைக்கு வைத்துக்கொள்வான். யாரோ புதுப் பை கொண்டுவந்து கொடுத்தார்கள், நல்ல பை, சக்கரம் வைத்தது. வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இதையே மாட்டிக்கொண்டான். அந்தப் பையின் ஜிப் பிய்ந்துபோய் அவன் அம்மா வெள்ளை நூலால் தைத்திருந்தாள். அந்த வீட்டிலிருந்து மிஞ்சியது அந்தத் தையல் மட்டும்தான். அந்த வருடம் முழுக்க அவனிடம் பையைக் கீழே வை என்று நான் சொல்லவில்லை.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று சொல்லியிருந்தது. சனங்களை எழும்பச் சொன்னார்கள். எங்கே போய்க் குந்துவது? தோட்டத்துச் சனத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. லயக் காம்பராவை விட்டால் தோட்ட வேலையும் போய்விடும் என்ற பயம். பிழைத்தவர்கள் மாக்கல்தெனியத் தேயிலை ஸ்டோரில் சேலையைத் தட்டியாகக் கட்டி இரண்டு வருடத்துக்குக் கிட்ட இருந்தார்கள். 2016இல்தான் வீடு கிடைத்தது. அந்த வீட்டை 2011இல் கட்டியிருக்கலாம். இதைச் சொல்லாமல் வெறுமனே விளக்கு மட்டும் ஏற்ற எனக்கு மனம் வராது.

நோர்ட்டன் பேரன்:

டீச்சர், எங்கள் பக்கத்துக் கதை இன்னும் பழையது. 1974 டிசம்பர் 4, இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரை போன விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னி மலையில் மோதியது. கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டு ஜித்தாவுக்குப் போகவேண்டிய டச்சு விமானம். பயணிகள் 182, சிப்பந்திகள் 9, ஆக 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. தாங்கள் எந்த இடத்தில் வருகிறோம் என்று விமானிகள் தப்பாகக் கணித்து, மலை இருக்கிற இடத்தில் தாழ இறங்கிவிட்டார்கள் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது.

எங்கள் தாத்தா அப்போது அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற வேலை) வெட்டிக்கொண்டிருந்தவர். சத்தத்தை இடி என்றுதான் நினைத்தார்களாம். விடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டை வெட்டி வழி செய்து ஏறியிருக்கிறார்கள். அட்டைக்கடி, சறுக்கல், பனி. மேலே போகப்போக மண்ணெண்ணெய் வாடை மூக்கை அடைத்ததாம்.

இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அது தோட்டத்தில் பஞ்சம் கடித்த காலம். மாவு இல்லை, அரிசி இல்லை. மரவள்ளி இலையை அவித்துச் சாப்பிட்ட வருடம். பசியால் தோட்டத்துச் சனம் செத்த வருடம். ஒருபக்கம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகப் பேர் வந்தவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வயிற்றோடுதான் இவர்கள் மலை ஏறினார்கள்.

யாத்திரைக்காரர்கள் கட்டுச்சோறு மாதிரி கொண்டுவந்த தின்பண்டம் பாறை இடுக்கெல்லாம் சிதறிக் கிடந்ததாம். டின், பொட்டலம், இனிப்பு. தாத்தாவோடு போனவர்களில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. ஏன் தாத்தா என்று சின்ன வயதில் கேட்டேன். "சாமியப் பாக்கப் போன சனம்டா. அவங்க சாப்பாட்ட நாம எப்படித் தொடுறது?" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

அப்பாயி சாகும்வரை ஒவ்வொரு டிசம்பர் 4ஆம் தேதியும் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணை) ஒரு விளக்கு வைப்பார். பேர் தெரியாது, ஊர் தெரியாது, பாஷை தெரியாது, மதம் வேறு. "நம்ம மலையில வந்து செத்துப்போச்சுங்க, நம்மள விட்டா இங்க யாரு இருக்கா?" என்பார். இப்போது அம்மா வைக்கிறார். அந்த மண்ணிலேயே புதைந்தவர்களுக்கு நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச்சின்னம் இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கம் வருகிறவர்கள் ஒரு நிமிடம் இறங்கிப் பாருங்கள்.

பசறைக்காரி:

அண்ணன், தாத்தா சொன்னதை வாசித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அழுதுவிட்டார்.

எங்களுடையது பழைய கதை இல்லை. 2025 நவம்பர் கடைசி, டித்வா புயல். பகல் முழுக்க விடாத மழை. சாயங்காலம் குசினிக் கதவு இறுகிக்கொண்டது. காலையில் லேசாகத் திறந்த கதவு. தண்ணியில் பலகை ஊதியிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துக் காம்பரா மாமா வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நிலைக்கு மேலே சுவரில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. விரலை வைத்துத் தடவிப் பார்த்தவர், "கதவு இல்ல புள்ள, செவுருதான் நகருது. மீரியபெத்தையிலயும் இப்படித்தான் சொன்னாங்க. புள்ளைகளத் தூக்கு" என்றார். அடையாள அட்டை, அம்மாவின் மருந்து, பிள்ளைகளின் சுவெட்டர், அவ்வளவுதான் எடுத்தோம். கோயில் மேட்டுக்கு நடந்தோம். இரவு பின்பக்கக் கரை வந்து வீட்டில் விழுந்தது.

நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் ஏகப்பட்ட பேர். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஆண்டவன் காப்பாத்தினான்" என்கிறார்கள். நானும் கும்பிடுகிறவள்தான், ஆனால் அந்த வார்த்தை தொண்டையில் நிற்கிறது. அப்படியென்றால் அடுத்த மலையில் போன பிள்ளையை ஆண்டவன் வேண்டாம் என்றானா? நான் இப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்: என் பிள்ளைகள் உயிரோடு இருப்பது மீரியபெத்தையில் போனவர்களால். அவர்கள் கதையை ஒருவர் மறக்காமல் வைத்திருந்தார், அது எங்கள் குசினிக் கதவுவரை வந்து சேர்ந்தது. இப்போது காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது முதல் கோப்பையைச் சுவாமி தட்டுக்கு முன்னால் அவர்கள் பேரில் வைக்கிறேன். பேர் தெரியாததால் "மீரியபெத்தைக்காரங்க" என்றுதான் சொல்கிறேன்.

கொஸ்லந்தை டீச்சர்:

தங்கச்சி, உங்களுக்குச் சில பேர்களை நான் தனியாக எழுதி அனுப்புகிறேன். பேர் சொல்லி வையுங்கள்.

அந்த மாமா செய்ததை எல்லோரும் செய்யலாம். கதவு ஜன்னல் திடீரென்று இறுகினால், சுவரிலோ முற்றத்திலோ புது வெடிப்பு வந்தால், லைட் கம்பமும் மரமும் சாய்ந்தால், ஊற்று இல்லாத இடத்தில் தண்ணி கசிந்தால், தெளிவாக ஓடிய பீலித் தண்ணி சேறாக வந்தால் காத்திருக்காதீர்கள். மழையை அளந்தும் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 தாண்டினால் கிளம்பத் தயாராக இருக்கவேண்டும், 150 தாண்டினால் வெளியேறிவிடவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே மழைமானி வைத்துத் தினமும் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். அந்தப் பையன்தான் (இப்போது பெரியவனாகிவிட்டான்) லீவில் வரும்போது சின்னதுகளுக்கு அளக்கச் சொல்லிக் கொடுக்கிறான்.

நோர்ட்டன் தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், வரும் டிசம்பர் 4க்கு எங்கள் வீட்டிலும் ஒரு விளக்கு இருக்கும்.

மற்றவர்களும் எழுதுங்கள். உங்கள் தோட்டத்தில் மழைமானி இல்லாவிட்டால் எந்த டிவிஷன், எந்த லயம் என்று சேர்த்து எழுதுங்கள். அடுத்த மழைக்குள் எத்தனை இடத்தில் வைக்கமுடியும் என்று பார்ப்போம்.